நான் கேட்காமல் விட்ட ஊர்ப்பெயர்

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்கு நான் பொறுப்பேற்றபோது அதில் பதினைந்து பதினாறு பேர் இருந்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே எங்கேயாவது போகக் காத்திருந்தவர்கள். ஒருத்தி நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருந்தாள். ஒருவன் பாறசாலையில் ஏ.சி. மெக்கானிக் வேலை பழகிக்கொண்டே வளைகுடா விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தான். போகப்போகிற நாட்டைப் பற்றிக் கேட்டால் அங்கே குளிர் எவ்வளவு, லீவு எத்தனை நாள் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

நான் கேரள எல்லைப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். எனக்கு இது பொறுக்கவில்லை. எங்கள் கோயிலைக் கட்டியவர்களே எங்கிருந்தோ கப்பலேறி வந்த மிஷனரிகள். அவர்கள் பெயர் பொறித்த கல்லைத் தாண்டித்தான் ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே போகிறோம். அவர்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கூட்டத்தில் பாதிப் பேர் முழித்தார்கள். அப்போதுதான் மாதம் ஒரு நாடு என்று ஒரு திட்டம் போட்டேன். சீட்டுக் குலுக்கி நாட்டை எடுப்பது. மூன்று வாரம் தேடுவது. நான்காம் ஞாயிறு மதியம் சபை ஹாலில் எல்லோருமாக உட்கார்ந்து பேசுவது.

முதல் மாதம் நானே படங்கள் சேர்த்துத் திரையில் ஓட்டினேன். தலைநகரம், மக்கள்தொகை, விளைபொருள். பாதிப் பேர் தூங்கினார்கள். அதற்குப் பிறகு வழியைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். செனகல் மாதத்தில் கால்பந்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். எந்த ஆட்டக்காரன் எந்த ஊரில் பிறந்தான், அந்த ஊரில் என்ன ஆறு ஓடுகிறது என்று அவர்கள் சொன்னதில் பாதி எனக்கே தெரியாது. அயர்லாந்து மாதத்தில், அங்கே வேலை பார்க்கும் எங்கள் சபை நர்ஸ் ஒருத்தி வீடியோ காலில் வந்து தன் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள். "அங்க சக்கை கிட்டுமா அக்கா?" என்று ஒருவன் பலாப்பழத்தைப் பற்றிக் கேட்க, அவள் சட்டென்று அழுதுவிட்டாள். ஜப்பான் மாதத்தில் ஏ.சி. மெக்கானிக் பையன் ஒரு பழைய மெஷினின் கையேட்டைக் கொண்டுவந்து, ஃபோன் கேமராவை அதன்மேல் பிடித்து, ஜப்பான் எழுத்தை மலையாளமாக்கி வாசித்தான். ஹாலே கைதட்டியது.

மழை தொடங்கும் மாதத்துக்கு ஈரான் விழுந்தது. யாருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்போது ஜெர்மன் படிக்கிற பெண் சொன்னாள், "டீச்சரே, எங்க தெருவில மீன் கொண்டு வாற அக்காவுக்க வீட்டுக்காரரு ஈரான்ல மீன்பிடி போட்டுல வேலைக்கு நிண்ணவராக்கும். அவரக் கூப்பிடலாமா?"

அந்த மீன்கார அக்காவை எனக்கும் தெரியும். வாரத்தில் மூன்று நாள் பொழியூரிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கி எங்கள் தெருவில் மீன் விற்பவர். பல வருடமாக அவரிடம் நெத்திலியும் சாளையும் வாங்கியிருக்கிறேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடற்கரைக்காரர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் மிஷன் சபைக்காரர்கள். ஆட்டோவில் அரைமணி நேரத் தூரம்தான். ஆனாலும் எங்களுக்கு அவர்களோடு இருந்த உறவு மீன் சட்டியோடு சரி.

அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை பொழியூர் போனேன். கடலிலிருந்து இரண்டாவது வரிசையில் அவர்கள் வீடு. முதல் வரிசையில் முந்தின வருடக் கடலேற்றம் விட்டுப்போன சுவர்கள் மட்டும் நின்றன. அக்காவின் வீட்டுக்காரர் முற்றத்தில் சாக்கு விரித்து, வள்ளத்தின் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. மண்ணெண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எனக்கு அந்த நாட்டப் பத்தி என்ன தெரியும் டீச்சரே? ஒம்பது வருசம் நிண்ணேன், உள்ளதுதான். ஆனா நான் கண்டது கடலாக்கும்."

"அதப் பத்தியே சொல்லுங்க அண்ணா. எங்க பிள்ளையளுக்கு அதும் தெரியாது."

அவர் இன்ஜினின் ஒரு திருகை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு, "உங்க கூட்டத்தில அந்த நாட்டு எழுத்து வாசிக்க ஆளு உண்டா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "ஆளு என்னத்துக்கு அண்ணா? இப்ப ஃபோனே வாசிக்கும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "செரி," என்றார். "வாறேன்."

ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்தார். கூடவே மீன்கார அக்காவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தேன். அவருக்கு இருபது நிமிடம். அடுத்து வினாடிவினா. நாலரைக்குப் போதகர் வந்து பரிசு கொடுப்பார். அதன்பின் பிள்ளைகள் ஈரான் முறையில் செய்ததாகச் சொன்ன சோறு. குங்குமப்பூவுக்குப் பதிலாக மஞ்சள்தான் அதில் விழுந்திருந்தது.

அவர் காற்றிலிருந்து தொடங்கினார். அங்கே எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து காற்று வரும், எந்தக் காற்றுக்குப் போட்டைத் திருப்ப வேண்டும், நம்மூர் வாவல் மீனை அங்கே எப்படிக் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் பைய பையச் சொன்னார். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்ததை யோசித்து எடுப்பார். பின்வரிசையில் இரண்டு பேர் ஃபோனை நோண்டத் தொடங்கியதைப் பார்த்தேன். சுவர்க்கடிகாரத்தையும் பார்த்தேன். இருபது நிமிடம் முடிந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"ஒரு தடவ போட்டுல கூட நிண்ண ஒருத்தனுக்கு வயித்து வலி," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க துறைக்குத் திரும்ப ரெண்டு நாள் ஆவும். அதனால பக்கத்தில ஒரு சின்ன துறையில கரையடுத்தோம். அந்த ஊருப் பேரு எனக்கு வாயில வராது. எழுதி வச்சிருக்கேன்." அவர் கை சட்டைப் பையை நோக்கிப் போனது.

"பேரு இரிக்கட்டும் அண்ணா," என்றேன் நான். வகுப்பில் பேசும் அதே குரலில். "அங்க உள்ள சாப்பாட்டப் பத்திச் சொல்லுங்க. பிள்ளையளுக்கு அதாக்கும் இஷ்டம்."

அவர் கை சட்டைப் பையின் மேல் ஒரு நொடி நின்றது. பிறகு வெறுங்கையாகக் கீழே வந்தது.

"ரொட்டி," என்றார். "பெரிய ரொட்டி. துடுப்பு போல நீளம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். இரண்டு மூன்று பேர் ஏதோ கேட்டார்கள். ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். நான் நன்றி சொல்லிப் பொன்னாடை போர்த்தினேன். கடைசி வரிசையில் மீன்கார அக்கா எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை வலுக்கும் முன் வீடு சேர வேண்டும் என்ற அவசரம் என்று எடுத்துக்கொண்டேன். மஞ்சள் சோற்றுக்கு அவர்கள் நிற்கவில்லை. அன்றைய கூட்டம் சிறப்பாக நடந்தது என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கடல் ஏறியது. டி.வி.யில் பொழியூரைக் காட்டினார்கள். இரண்டாவது வரிசை வீடுகளும் போய்விட்டன என்றார்கள். மீன்கார அக்கா எங்கள் தெருவுக்கு வந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அங்குள்ளவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாலிபர் கூட்டத்திலிருந்து பாயும் போர்வையும் துணியும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனோம்.

நாலாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அவர்கள் குடும்பம் இருந்தது. அக்காவின் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வையைக் கொடுத்தபோது அக்கா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"டீச்சரே, அண்ணைக்கு எங்க வீட்டாளப் பேச விடாதது என்னத்துக்கு?"

எனக்கு எந்த நாளைச் சொல்கிறார் என்பதே உடனே புரியவில்லை. அவர் கோபப்படவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார்.

வயிற்று வலி வந்தவன் அக்காவின் ஒரே தம்பி. மச்சானோடுதான் அந்த நாட்டுக்குப் போயிருந்தான். அந்தச் சின்னத் துறையில் இறக்கிய அன்றே இறந்துபோனான். போட்டுக்கு அங்கே கரையடுக்க அனுமதி இல்லை. வெளியே தெரிந்தால் எல்லோரையும் பிடித்துப்போவார்கள் என்று கூட இருந்தவர்கள் பயந்தார்கள். அந்த ஊர்க்காரர்களான ஒரு வயதான புருஷனும் பெண்சாதியும், தங்கள் ஈச்சந்தோப்பின் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். அந்த மனிதர் கூடவே நின்று குழி வெட்டினார். அந்த அம்மாள் தன் கையால் உடம்பைக் கழுவித் தன் வீட்டு வெள்ளைத் துணியால் மூடினாள். அவர்கள் தங்கள் முறைப்படி வேண்டிக்கொண்டார்கள். மச்சான் தனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னார். போட்டு கிளம்பும்போது அந்த மனிதர் ஒரு தேயிலைப் பாக்கெட்டைக் கிழித்து, உள்பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்து, இவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சைகையில் சொன்னாராம்.

"இது ஒண்ணும் எங்களுக்குத் தெரியாது டீச்சரே. பெரிய பட்டணம், அங்க கோயில் உண்டு, சாமியார் வந்து அடக்கம் செய்தாரு, சிலுவ வச்சிருக்குன்னு அவிய எங்கம்மையிட்ட சொல்லிட்டாவ. அம்ம தாங்கமாட்டான்னு. ஏழு வருசமா அந்தத் துண்ட வேற பேப்பருல சுத்திப் பெட்டியில வச்சிருந்திருக்காவ. இங்க யாருட்டயும் காட்டப் பயம். வாசிச்சா கோயில் இல்லாத ஊருன்னு தெரிஞ்சிருமே. நீங்க வந்து கூப்பிட்டதுக்குப் பொறவாக்கும் என்னிட்ட பறைஞ்சது. டீச்சருக்க பிள்ளைய ஃபோன்ல வாசிப்பாங்களாம், அவியளுக்கு நம்ம வீட்டு வெவரம் தெரியாது, அங்க வச்சுக் கேட்டுக்கிடுவோம்னு சொல்லி, மூணு நாளா எப்பிடிச் சொல்லணும்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாவ."

"இப்ப அந்தப் பேப்பரு?" என்று கேட்டேன்.

"பெட்டியோட போச்சு."

அக்காவின் வீட்டுக்காரர் வராந்தாவின் மறுகோடியில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். நான் போய் அருகில் நின்றேன். "அண்ணா, எனக்கு முதல்லயே ஒரு வாக்கு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தேன். அப்போதும் நான் பழியை அவர் பக்கம் தள்ளத்தான் பார்த்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"சொல்லத்தானே வந்தேன் டீச்சரே," என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெர்மன் படிக்கிற பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் நடந்ததை அவளும் கேட்டிருந்தாள். பஸ் உச்சக்கடை தாண்டியது. பிறகு, "டீச்சரே, அவரு பாக்கெட்டுல கை வச்சத நான் கண்டேன்," என்றாள். "நீங்களும் கண்டியதானே?"

"கண்டேன் மக்கா," என்றேன்.

அரை நிமிட வேலை அது. மெக்கானிக் பையன் அந்த ஹாலில்தான் இருந்தான், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு. கேமராவை அந்தத் துண்டின்மேல் ஒருமுறை பிடித்திருந்தால் போதும். ஒரு நாட்டைப் பற்றி அறிய வழி தேடுகிறோம் என்று வருடம் முழுக்கப் பேசினேன். அந்த நாட்டின் ஒரு ஊரே ஒரு மனிதரின் சட்டைப் பையில் ஏறி ஹாலுக்குள் வந்தபோது, அவரைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னேன். பதில் எனக்கு முன்பே தெரிந்திருக்கிற கேள்விகளை மட்டும் கேட்பது பல வருடங்களாக வகுப்பில் எனக்குப் படிந்த பழக்கம்.

அடுத்த மாதத்துக்குச் சீட்டுக் குலுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஜூலையிலிருந்து அக்டோபர் முடியும்வரை நாங்கள் அந்த ஒரே துறையைத்தான் தேடினோம். ஞாயிறு மதியங்களில் அவர் எங்கள் ஹாலுக்கு வர மனமில்லாததால் நாங்களே நான்கைந்து பேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பிள்ளைகள் லேப்டாப்பில் அந்தக் கடற்கரையின் சாட்டிலைட் படத்தை விரித்துக் காட்டினார்கள்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மேல இருந்து பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியல்ல மக்கா," என்றார். "நான் கடல்ல இருந்தாக்கும் பாத்தது."

அதற்குப் பிறகு பிள்ளைகள் கடலிலிருந்து கரையைப் பார்த்து எடுத்த படங்களைத் தேடத் தொடங்கினார்கள். யாரோ மீன்பிடிக்கிறவர்கள், யாரோ சுற்றுலா போனவர்கள் போட்ட வீடியோக்கள். அவருக்கு நினைவிருந்தது இவ்வளவுதான்: கரைக்குப் பின்னால் பல்வரிசை போல வெட்டுப்பட்ட ஒரு செம்மண் குன்று, இடது பக்கம் சின்னதாக ஒரு பள்ளிவாசல், ஈச்சந்தோப்பு. அந்தக் கரை முழுக்க அப்படிப்பட்ட ஊர்கள் இருந்தன. மெக்கானிக் பையன் படகு எத்தனை மணி நேரம் ஓடியது, காற்று எந்தப் பக்கம் என்று அவரிடம் கேட்டுக் கேட்டு வரைபடத்தில் கோடு போட்டான். அவர் அதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அன்று ஹாலில் காற்றைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊருக்குப் போக அவரிடம் இருந்த வழியே அதுதான்.

கடைசியில் மூன்று ஊர்கள் மிஞ்சின. மூன்று படங்களையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். "இதுவா இரிக்கும்," என்றார். பிறகு, "இதுவும்தான்," என்றார்.

அதற்கு மேல் போக எங்களுக்கு வழி தெரியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் என்று நினைத்து இரண்டு மூன்று பேருக்கு இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் ஒரு ரோஜாப்பூப் படத்தைப் பதிலாக அனுப்பினார். என்ன புரிந்துகொண்டு அனுப்பினாரோ.

ஒருநாள் பிள்ளைகள் இல்லாதபோது அவர் என்னைக் கேட்டார். "டீச்சரே, மூணுல ஒண்ண மாமியிட்ட சொல்லிரட்டா? வயசாயிட்டு. ஒரு பேரு கிட்டினா போதும் அவளுக்கு."

பக்கத்தில் நின்ற அக்கா சொன்னார், "வேண்டாம். ஒரு பொய்ய ஏழு வருசம் சுமந்தாச்சு. உள்ளத உள்ளபடி சொல்லிருவோம்."

சொன்னார்கள். கோயில் இல்லை, சாமியார் இல்லை, முன்பின் தெரியாத ஒரு பெண் குளிப்பாட்டினாள் என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். நான் அப்போது அங்கே இல்லை. அம்மா இரண்டு நாள் மருமகனோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது இருக்கும், பிள்ளைகள் உண்டா என்று கேட்டாராம். அதற்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. இறந்தவர்களை நினைக்கிற நாளில் கல்லறைத் தோட்டத்தில் அம்மா மெழுகுவத்தி ஏற்றியபோது, பேத்தியை எழுதித்தரச் சொல்லி மூன்று ஊர்ப் பெயர்களையும் வாசிக்க வைத்தார் என்று அக்கா பிறகு சொன்னார்.

வாலிபர் கூட்டம் இப்போதும் நடக்கிறது. ஜெர்மன் படித்தவள் ஜெர்மனிக்குப் போய்விட்டாள். மெக்கானிக் பையன் மஸ்கட்டில் இருக்கிறான். புதிதாக வந்த பிள்ளைகள் மாதம் ஒரு நாட்டை மறுபடி தொடங்கலாமா என்று கேட்டார்கள். நீங்களே நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். பள்ளியில் நான் பெரிதாக மாறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. யாராவது ஒரு பிள்ளை சுற்றி வளைத்துப் பேசத் தொடங்கினால் இன்னும் என் கை மேசைமேல் இருக்கும் மணியைத் தேடுகிறது. சில நாள் நிறுத்திக்கொள்கிறேன். சில நாள் அந்தப் பிள்ளை உட்கார்ந்த பிறகுதான் நினைவு வருகிறது.

போன மாதம் பாறசாலை சந்தைக்கு வெளியே மீன்கார அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கையில் ஒரு பை நிறைய மரச்சீனிக் கிழங்கு. "சுகமா டீச்சர்?" என்று அவராகவே வந்து கேட்டார். இத்தனை மாதத்தில், படங்களையும் வரைபடங்களையும் தூக்கிக்கொண்டு அத்தனை முறை போயும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு சொல்லை நான் அவரிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"வீடு செரியாச்சா அண்ணா?" என்று கேட்டேன்.

"வாடகைக்கு ஒண்ணு கிட்டியிருக்கு. கடல்ல இருந்து கொஞ்சம் தள்ளி. மாமிக்குத்தான் கடல் சத்தம் கேக்காம உறக்கம் வரல்லியாம்." அவர் சிரித்தார். அக்கா நலமா, சின்னவள் எத்தனாம் கிளாஸ் என்று நான் மேலும் இரண்டு கேள்வி கேட்டேன். பதில் சொன்னார். அதற்குள் பொழியூர் பஸ் வந்து நின்றது.

"செரி டீச்சரே, பின்ன காணலாம்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். நான் வாங்க வந்த சாமான்களை மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.